எல்.கே.ஜி. வகுப்பில் அமைதி மூலை: எதை வாங்கலாம், எது வீண்?

மஞ்சக்குப்பம் டீச்சர் (கடலூர்)
வணக்கம். 24 பிள்ளைகள், மூன்றரை முதல் ஐந்து வயசு வரை. அறை 20-க்கு 16 அடி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அழுது அடம்பிடிக்கிற பிள்ளை கொஞ்ச நேரம் உட்கார்ந்து தெளிய ஒரு மூலை அமைக்கணும். பீன் பேக், சின்னக் கூடாரம், கலர் சீரியல் லைட் வாங்கலாம் என்று நிர்வாகத்தில் சொல்கிறார்கள். பட்ஜெட் 2,000 ரூபாய்தான். அப்புறம், அந்த மூலையில் பிள்ளை பார்த்துத் தெளிய வைக்கிற கிளிட்டர் பாட்டில் (குலுக்கி வைத்தால் உள்ளே மினுக்குத் தூள் மெதுவாக இறங்கும்) ஏன் பால் மாதிரி கலங்கிவிடுகிறது?

முத்தியால்பேட்டை
மூன்றுமே வேண்டாம் மேடம். பீன் பேக்குக்குள் இருப்பது தெர்மாகோல் மணி. ஜிப் திறந்துகொண்டால் மூக்குக்குள், மூச்சுக்குழாய்க்குள் போகும். மூடின கூடாரம் அந்த ஷீட்டுக்குக் கீழே வெந்துபோகும், உள்ளே பிள்ளை என்ன செய்கிறது என்றும் தெரியாது. மின்னுகிற விளக்கு அழுகிற பிள்ளையை இன்னும் கிளறிவிடும்.

முதலில் இடத்தைப் பாருங்கள். மேற்குச் சுவர் மதியத்துக்கு மேல் காய்ந்து, பள்ளி விடும் வரை அனல் கக்கும், அதை விட்டுவிடுங்கள். நம்ம ஊரில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், கிழக்கு ஜன்னல் பக்கத்து மூலைதான் நல்லது. புழுக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை தெளியாது. வாசல், தண்ணீர்க் குடம், பாத்ரூம் போகிற வழி, எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. 4-க்கு 4 அடி போதும். பெரிதாக்கினால் விளையாட்டு இடமாகிவிடும். இரண்டு பக்கம் சுவர், மூன்றாவது பக்கம் 2 அடி உயரப் புத்தக அலமாரி, நான்காவது பக்கம் திறப்பு. பிள்ளைகள் பிடித்து ஏறுவார்கள், அதனால் அலமாரியை எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு இறுக்கிவிடணும். நீங்கள் போர்டு பக்கம் நின்றாலும் உள்ளே இருக்கிற பிள்ளை தெரியணும்.

தரைக்கு ஜமுக்காளம். கோரைப்பாய் குளுமைதான், ஆனால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பூசணம் பிடிக்கும், ஓரம் பிரிந்தால் குத்தும். இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு, கழற்றித் துவைக்கிற மாதிரி பருத்தி உறையோடு. மழைக்காலத்தில் பஞ்சு ஈரம் இழுக்கும். வெயில் தலைகாட்டும்போதெல்லாம் காயப்போடாவிட்டால் வீசிங் உள்ள பிள்ளைக்கு ஆகாது. பழைய பருத்திப் புடவையை மடித்து மடித்துச் சுவரில் தொங்கவிட்டால் எதிரொலி கொஞ்சம் அடங்கும். மரச்சட்டத்தில் வைத்து அடியுங்கள். கயிறு, நாடா தொங்கினால் கழுத்தில் மாட்டும். கொக்கிக்காக ஷீட்டில் மட்டும் ஓட்டை போட வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஷீட் மேல் பெருமழை கொட்டுகிற சத்தத்துக்கு இந்தப் புடவையெல்லாம் ஈடுகொடுக்காது, அன்றைக்கு அந்த மூலை பாதி பயன்தான்.

வில்லியனூர்
பாட்டில் கலங்கக் காரணம் வெள்ளை ஃபெவிகால். கண்ணாடி போலத் தெளிந்திருக்கிற கம் வாங்குங்கள். 300 மி.லி. கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் காய்ச்சி ஆறி வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் 220 மி.லி., கம் 50 மி.லி., பொடி கிளிட்டர் ஒரு டீஸ்பூன். மீதி இடம் காற்றுக்கு. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பாட்டில் நெளியும், காய்ச்சாத தண்ணீரில் நாளடைவில் வழவழப்புப் படியும். கம் கரையக் குலுக்காமல் குச்சியால் கலக்குங்கள், குலுக்கினால் நுரைதான் மிஞ்சும். கிளிட்டர் மேலேயே மிதந்தால் பாத்திரம் தேய்க்கிற சோப்புத் திரவம் ஒரு சொட்டு, ஒன்றே ஒன்று. எல்லாம் அடியில் படிய ஒன்றிலிருந்து இரண்டு நிமிஷம் ஆகணும். சட்டென்று இறங்கினால் இன்னும் 10 மி.லி. கம் சேருங்கள். இறங்கவே இல்லையென்றால் கொஞ்சம் கொட்டிவிட்டு அந்த அளவுக்குத் தண்ணீர் விடுங்கள்.

இந்த அளவெல்லாம் சரியாக வந்த பிறகுதான் மூடியின் மரையில் எம்-சீல் வைக்கணும். இறுகினதும் ஒரு நாள் கவிழ்த்து வைத்துக் கசிவு பாருங்கள். விரிசல் கண்டால் அன்றே தூக்கிப் போடுங்கள்.

மூலையில் ஒரே நேரத்தில் நான்கு பொருளுக்கு மேல் வேண்டாம்: பாட்டில், துணிப் பொம்மை, கெட்டி அட்டைப் படப் புத்தகம், அழுகை-கோபம்-பயம்-சிரிப்பு முகப்படம். எங்க ஊர்ச் சுடுமண் பொம்மை அழகுதான், ஆனால் கோபத்தில் எறிந்தால் உடைந்து கிழிக்கும்.

மஞ்சக்குப்பம் டீச்சர்
நன்றி சார். குறும்பு பண்ணினால் "மூலையில் போய் உட்கார்" என்று சொல்லலாமா? எழுதச் சொன்னதும் அங்கே ஓடிப்போகிற பிள்ளையை என்ன செய்வது?

நெல்லித்தோப்பு
அப்படி அனுப்பவே கூடாது டீச்சர். ஒரு தடவை தண்டனை இடம் என்று பதிந்துவிட்டால், தேவைப்படுகிற பிள்ளை அந்தப் பக்கமே வராது. "வா, போய் உட்காரலாம்" என்று நீங்களும் கூடப் போங்கள்.

பிள்ளை அமைதியாக இருக்கும்போதுதான் பழக்கணும். முதல் வாரம், பிரேயர் முடிந்ததும் நான்கு நான்கு பேராக உட்காரவைத்து மூச்சுப் பழக்கம்: பூவை மோந்து பார், சூடான கஞ்சியை மெதுவாக ஊது. நான்கு முறை போதும். ஊதுவது இழுப்பதைவிட நீளமாக இருக்கணும், அதில்தான் நெஞ்சுப் படபடப்பு குறையும். கஞ்சிக்குப் பதில் விளக்கை ஊதச் சொல்லிக்கொடுத்தால் சாயங்காலம் வீட்டில் பாட்டியிடம் நமக்குத்தான் திட்டு விழும்.

உச்சத்தில் கத்துகிற பிள்ளையிடம் பாட்டிலைக் கொடுக்காதீர்கள், பறந்து வரும். காரணமும் கேட்காதீர்கள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து "நான் இங்கேதான் இருக்கேன்" என்பதோடு நிறுத்துங்கள். கடிக்கிற, அடிக்கிற பிள்ளையை அங்கே தனியாக விடக் கூடாது. சில பிள்ளைகளுக்கு உட்கார்ந்தால் அடங்காது. இரண்டு கையையும் சுவரில் ஊன்றிப் பத்து முறை தள்ளச் சொல்லுங்கள், புத்தகக் கட்டைத் தூக்கிவரச் சொல்லுங்கள். பிள்ளையை அடக்க என்று உள்ளே எடை வைத்துத் தைத்த கனமான போர்வை விற்கிறார்கள், தெரபிஸ்ட் சொல்லாமல் இந்த வயசுக்கு அது வேண்டாம்.

ஓடிப்போகிற பிள்ளையைத் தடுக்காமல் எந்த வேலைக்கு ஓடுகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். எப்போதும் எழுத்து வேலைக்கென்றால் பென்சில் பிடிக்கவே விரலில் வலு போதாமல் இருக்கலாம். நான்கு வரிக்குப் பதில் ஒரு வரி, அதுவும் சிலேட்டில். திரும்பி வந்ததும் தம்ளர் எடுத்துவைப்பது போலச் சின்ன வேலை கொடுத்தால் வகுப்பில் சேர்வது சுலபம்.

மிக்ஸி, பட்டாசு என்று எல்லாச் சத்தத்துக்கும் காதைப் பொத்திக் கத்துகிற, பேச்சும் வராத பிள்ளை இருந்தால் மூலையை நம்பி நாள் கடத்தாதீர்கள். காதுப் பரிசோதனையும் குழந்தை மருத்துவரும் அவசியம். உங்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரி பக்கம்தான், பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள்.