காலையில் வரும் முதல் வேலை மட்டும் ஏன் விழுகிறது?

ஜாங்கோ என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பில் எழுதிய பின்னணி சர்வீஸ் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். வரிசையில் வரும் வேலையை எடுத்து முடித்து மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் பதியும். பகலெல்லாம் நன்றாக ஓடும். காலையில் வரும் முதல் வேலை 2006 என்ற பிழை எண்ணோடு (டேட்டாபேஸ் இணைப்பு போய்விட்டது என்று பொருள்) விழும். பின்னால் நிற்பவையும் ஒவ்வொன்றாக விழும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அதே டேட்டாபேஸோடு பேசும் வலைத்தளத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. அதுதான் என்னை ரொம்ப நாள் குழப்பியது.

இரவில் வேலை வராது. மைஎஸ்கியூஎல்லின் வெயிட்_டைம்அவுட் என்ற அமைப்பு இயல்பாக 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம். அதற்கு மேல் சும்மா கிடக்கும் இணைப்பை டேட்டாபேஸ் மூடிவிடும். எங்கள் சர்வீஸோ செத்த இணைப்பையே பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் அந்த அளவை ஒரு நாளாகக் கூட்டினேன். தொடர் விடுமுறை வந்தது, மறுபடி விழுந்தது.

வலைத்தளம் தப்பித்த காரணம் பிறகுதான் பிடிபட்டது. ஒவ்வொரு ரிக்வெஸ்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் ஜாங்கோவே, பழைய இணைப்புகளை மூடும் குளோஸ்_ஓல்ட்_கனெக்‌ஷன்ஸை அழைக்கிறது. பின்னணி லூப்பில் ரிக்வெஸ்ட்டே கிடையாது, அழைக்க ஆளில்லை. ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் நானே அழைக்கிறேன். அப்புறம் ஒரு காலைகூட விழவில்லை.

* * *

உங்களுக்குப் பிழையாவது வந்தது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸோடு பேசும் எங்கள் வொர்க்கர் (பின்னணி வேலைகளைச் செய்யும் புரோகிராம்) எதுவும் சொல்லாமல் அப்படியே நின்றுவிட்டது.

டேட்டாபேஸ் இருந்த மெஷின் மின்சாரம் போய் அணைந்தது. மாற்று சர்வர் உடனே பொறுப்பேற்றும், வொர்க்கர் 15 நிமிடத்துக்கு மேல் அசையவில்லை. அணைந்த மெஷின் இணைப்பை மூடுவதாகச் சொல்லவே இல்லையே! லினக்ஸ் பதிலுக்காகத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கிறது. எத்தனை முறை என்பதைச் சொல்லும் டிசிபி_ரீட்ரைஸ்2 இயல்பாக 15, அது முடிய ஏறத்தாழ 924 விநாடி ஆகும். பிழை வந்தால் மறுபடி முயலும் ரீட்ரை கோடு கவனமாக எழுதியிருந்தோம். பிழை வந்தால்தானே அது ஓடும்? பதில் வராத டேட்டா நிலுவையில் இருக்கும்போது சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் கீப்அலைவும் உதவாது.

போஸ்ட்கிரஸ் 12 முதல் இணைப்பு அமைப்பிலேயே டிசிபி_யூசர்_டைம்அவுட் தரலாம்; பதில் வராவிட்டால் எவ்வளவு நேரத்தில் இணைப்பைக் கைவிடுவது என்று அது சொல்லும். 30000 வைத்தோம், மில்லிவிநாடிக் கணக்கு, மறந்துவிடாதீர்கள். சோதிக்கும்போது டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் இந்தக் கோளாறு தெரியாது. லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் பாக்கெட்டுகளை டிராப் செய்து பாருங்கள்.

* * *

இரண்டு பேரும் சொன்னதைச் செய்தபின் எங்களிடம் வேறொன்று கிளம்பியது. பதிவை உறுதிசெய்யும் கமிட் கட்டளையை அனுப்பியதும் இணைப்பு அறுந்தால், பதிந்ததா இல்லையா என்று வொர்க்கருக்குத் தெரியாது. மறுபடி இணைந்து திரும்பச் செய்ததில் சில வேலைகள் இரண்டு முறை பதிந்துவிட்டன. வேலை எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு முறை பதியாது) போட்டு, மோதினால் ஏற்கெனவே முடிந்ததாக எடுத்துக்கொள்கிறோம். ரீட்ரை சேர்க்கும் முன்பே இதைப் போட்டுவிடுங்கள். பதிந்த இரட்டைகளைப் பிரித்தெடுக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது.