கவினின் கண்காட்சியும் பல்லாங்குழிப் பலகையும்

மீனா: திங்கட்கிழமை பள்ளிக் கண்காட்சியில், சிடி ஸ்கேன் எப்படிப் படம் எடுக்கிறது என்பதைக் கவின் வீட்டுப் பொருட்களை வைத்தே காட்ட வேண்டுமாம். ராகவன் அத்தான், உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்.

ராகவன்: ஒன்பது தீப்பெட்டிகளை மூன்றுக்கு மூன்றாக அடுக்கி, சிலவற்றுள் புளியங்கொட்டைகளை ஒளித்துவிட்டு, ஒவ்வொரு கிடைவரிசையிலும் நெடுவரிசையிலும் மொத்தம் எத்தனை கொட்டைகள் என்பதை மட்டும் பார்ப்பவரிடம் சொல்ல வேண்டும்; எந்தப் பெட்டியில் எத்தனை என்பதை அவர் கண்டுபிடிக்க வேண்டும். எக்ஸ் கதிரும் தான் கடந்த வழியில் மொத்தம் எவ்வளவு தடுக்கப்பட்டது என்று மட்டுமே சொல்லும்; எந்த இடத்தில் என்று சொல்லாது.

சுமதி: தீப்பெட்டி எதற்கு அண்ணா? அம்மாவின் பல்லாங்குழிப் பலகை இருக்கிறதே.

மீனா: அது உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

சுமதி: அம்மாவே கொடுத்தது, அண்ணி.

ராகவன்: பலகையில் இரண்டே வரிசைகள்; இதற்கு உதவாது. அந்தப் பேச்சைப் பொங்கலுக்கு வைத்துக்கொள்வோம்.

கவின்: பெரியப்பா, தாளில் கட்டம் போட்டுப் பார்த்தேன். மேல் இடது மூலையிலும் கீழ் வலது மூலையிலும் ஒவ்வொரு கொட்டை வைத்தாலும், மற்ற இரு மூலைகளில் வைத்தாலும் அதே மொத்தங்கள்தான் வருகின்றன.

ராகவன்: மூலைவிட்டத்தை எண்ணிப் பார், ஒன்றில் 2, மற்றதில் 0. அதனால்தான் கருவி உடலைச் சுற்றிப் பல கோணங்களில் அளக்கிறது. கணித அறிஞர் யோஹான் ராடோன் இதன் கணிதத்தை 1917இலேயே எழுதிவிட்டார். பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி ஸ்கேன் கருவி 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. அதே ஆண்டில், அதற்கு முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும், அளவுகளை அப்படியே கட்டங்களில் பரப்பினால் படத்தில் படரும் மங்கலை நீக்கும் கணக்கு முறையை வெளியிட்டார்கள். அது இன்றும் ராம்-லாக் வடிகட்டி எனப்படுகிறது. அட்டையில் இந்தப் பெயர்களைப் பெரிதாக எழுது.

செந்தில்: அண்ணன் ஓய்வு பெற்றாலும் வகுப்பு ஓயவில்லை.

கவின்: டார்ச்சையும் கைபேசியின் ஒளியுணரியையும் வைத்துக் காட்டலாமா?

ராகவன்: காட்டலாம். ஆனால் ஒரு தாள் பாதி ஒளியை விட்டால் இரண்டு தாள்கள் கால் பங்கைத்தான் விடும். ஒளி பெருக்கலாகக் குறைவதால், மடக்கை (லாகரிதம்) எடுத்த பிறகே அது கொட்டைக் கணக்கைப் போலக் கூட்டலுக்கு வரும்.

மீனா: எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மடக்கையா?

செந்தில்: கொட்டையே போதும்.

ராகவன்: கொட்டை கதிர் ஆகாது, செந்தில்.

சுமதி: ஞாயிறன்று தீப்பெட்டிகளோடு வருகிறேன்.

மீனா: வாருங்கள். டார்ச்சை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.