பஃபலோவிலிருந்து சித்தியின் கார்

குழு: அம்மம்மா வீட்டார்

வெள்ளிக்கிழமை

சுகந்தி சித்தி: அபி, ஓஷாவா ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டதாக அக்கா சொன்னார். சரியான சந்தோஷம் மகள். எங்கள் ராவ்-4 இங்கே சும்மா நிற்கிறது. கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சித்தப்பாவுக்கு ஓட்ட விருப்பமில்லை. 2017ஆம் ஆண்டு கார், 61,000 மைல் ஓடியிருக்கிறது. ஒரு நாள் வந்து எடுத்துக்கொண்டு போ.

அபி: சித்தி!! உண்மையாகவா? ஸ்காபரோவிலிருந்து பஸ் மாறி மாறி எப்படி இரவு வேலைக்குப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நாளைக்கே வரட்டுமா?

ரவி மாமா: பிள்ளை, பொறு. நாளைக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவாய். போடரில் கார் கடப்பதற்கு முன் கடதாசி கடக்க வேண்டும்.

கருணா அத்தான்: இரண்டு மணி நேர ஓட்டம்தானே மாமா, அப்படி என்ன கடதாசி?

ரவி மாமா: எல்லோரும் கனடாப் பக்கத்தைத்தான் நினைத்துப் பயப்படுகிறார்கள். ஆட்கள் மாட்டுப்படுவது அமெரிக்காவை விட்டு வெளியேறும்போதுதான். பழைய காரை வெளியே கொண்டுபோகிறோம் என்று அமெரிக்கச் சுங்கத்துக்கு 72 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். காரின் டைட்டில், அதாவது உரிமைப் பத்திரத்தின் பிரதியை அனுப்பிவைத்து, பிறகு மூலப் பத்திரத்தையும் காரையும் நேரில் காட்ட வேண்டும். அதற்கு முன் அவர்களுடைய ஏற்றுமதிக் கணினியில் பதிந்து ஐடிஎன் என்று ஒரு எண் வாங்க வேண்டும். காரின் விலை எவ்வளவாக இருந்தாலும் அந்த எண் இல்லாமல் நடக்காது. அதை நாங்களே செய்வது கரைச்சல், ஒரு புரோக்கரிடம் கொடுத்துவிடுவோம்.

அபி: கனடாப் பக்கம் என்ன மாமா?

ரவி மாமா: சொல்கிறேன். முதலில் சுகந்தி ஒரு வேலை செய்ய வேண்டும். காரின் முன் கண்ணாடிக்குள்ளே, டிரைவர் பக்க மூலையில் சின்னத் தகட்டில் வின் நம்பர், அதாவது காரின் அடையாள எண் இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பு. டைட்டிலையும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் எடுத்து அனுப்பு. குழுவில் போடாதே, எனக்குத் தனியாக அனுப்பு.

சனிக்கிழமை

ரவி மாமா: படங்கள் கிடைத்தன. வின் நம்பர் 2இல் தொடங்குகிறது! கேட்க எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

அம்மா: 2 என்றால் என்ன அண்ணா?

ரவி மாமா: வின் நம்பரின் முதல் எழுத்து கார் செய்த நாட்டைச் சொல்லும். 1, 4, 5 என்றால் அமெரிக்கா. 3 மெக்சிக்கோ. ஜே ஜப்பான். 2 என்றால் கனடா. இந்தக் கார் எங்கள் ஒன்ராறியோவில், வுட்ஸ்டாக்கில் இருக்கும் ரொயோட்டா தொழிற்சாலையில் செய்தது. இங்கே பிறந்து, நியூயோர்க்கில் வாழ்ந்து, இப்போது வீட்டுக்கு வருகிறது.

கருணா அத்தான்: அதனால் காசு குறையுமா?

ரவி மாமா: நன்றாகவே. அமெரிக்காவில் செய்த கார்களுக்குக் கனடா 2025 ஏப்ரலில் 25% மேல்வரி போட்டது. ஜப்பானில் செய்து அமெரிக்காவில் விற்ற கார் என்றால் 6.1% சுங்க வரி. இதற்கு இரண்டும் இல்லை. ஒரே மாதிரி இரண்டு ராவ்-4 பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் முதல் எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

சுகந்தி சித்தி: நான் காசு வாங்கப்போவதில்லையே அண்ணா. என் பிள்ளைக்குச் சும்மா கொடுக்கிறேன். அதற்கும் வரியா?

ரவி மாமா: ஓம், அன்பளிப்பு என்றாலும் சந்தைப் பெறுமதிக்கு வரி உண்டு. போடரில் 5% ஜிஎஸ்டி. ஏசி உள்ள காருக்கு 100 டொலர் தனி வரி. மாகாணத்தின் 8% இங்கே சேர்விஸ் ஒன்ராறியோ என்ற மாகாணக் கந்தோரில் காரைப் பதியும்போது. கனடாக் காசில் 18,000 என்று மதித்தால் 900, 100, பிறகு 1,440. ஆக கிட்டத்தட்ட 2,440 டொலர். வெளியிலிருந்து வரும் காரைப் பதியும் ஆர்ஐவி கட்டணம் 300க்கு மேல், புரோக்கர் காசு தனி.

கருணா அத்தான்: பில்லில் 500 டொலர் என்று எழுதிவிட்டால்?

ரவி மாமா: வேண்டாம் கருணா. அந்த மொடலின் விலை என்னவென்று பார்க்க அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும். பிள்ளை இப்போதுதான் நேர்ஸ் லைசென்ஸ் எடுத்திருக்கிறாள். அவளுடைய பெயரில் ஒரு பொய்க் கடதாசி இருக்கக் கூடாது.

அபி: சரியாகவே கட்டிவிடுகிறேன் மாமா. முதல் இரண்டு சம்பளத்தில் சமாளிப்பேன்.

அம்மா: நான் பாதி தருகிறேன்.

ரவி மாமா: அப்புறம், மகிழ்ச்சியில்லாத செய்தி ஒன்று. சுகந்தி, உன்னுடைய டைட்டிலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே லீன்ஹோல்டர், அதாவது கடன் கொடுத்தவர் என்ற இடத்தில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கிறது.

சுகந்தி சித்தி: ஐயோ, அந்தக் கடனை 2021இலேயே கட்டி முடித்துவிட்டோம் அண்ணா!

ரவி மாமா: தெரியும். நியூயோர்க்கில் கடன் இருக்கும்போதே டைட்டிலை எங்களுடைய கையில் தந்துவிடுவார்கள், வங்கியின் பெயரை அதில் அச்சடித்து. கடன் முடிந்தாலும் அந்தப் பெயர் தானாக அழியாது. கடன் தீர்ந்தது என்று வங்கி ஒரு கடிதம் அனுப்பியிருக்கும். அது வேண்டும். அது இல்லாமல் போடரில் விட மாட்டார்கள்.

அபி: உங்களுக்கு எப்படி மாமா இதெல்லாம் தெரியும்?

ரவி மாமா: 2014இல் நான் அனுபவித்தது பிள்ளை. நியூஜேர்சியில் ஒரு கார் வாங்கிக்கொண்டு மாமியும் இரண்டு பிள்ளைகளுமாக வந்தோம். பெப்ரவரி, சரியான குளிர். எல்லையில் இருக்கும் லூயிஸ்டன் பாலத்தில் அதிகாரி டைட்டிலில் விரலை வைத்துக் காட்டினார், இதே இடம். பழைய உரிமையாளரின் கடன். அவர் கட்டிவிட்டார், ஆனால் கையில் கடிதம் இல்லை. திரும்பிப் போய் மோட்டலில் தங்கினோம். சின்னவனுக்கு இரவெல்லாம் காய்ச்சல். கடைசியில் காரை அங்கேயே ஒரு நண்பருடைய வீட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தோம். கடிதம் வர மூன்று வாரம். அந்த இரவை நினைத்தால் இன்றைக்கும் மனம் தாங்காது. உனக்கு அப்படி நடக்க விட மாட்டேன்.

சுகந்தி சித்தி: அலுமாரி முழுவதும் தேடுகிறேன் அண்ணா.

ஞாயிற்றுக்கிழமை

சுகந்தி சித்தி: கிடைக்கவில்லை. சாமிப்படத் தட்டுக்குக் கீழேயும் பார்த்தேன். 2019 கரண்ட் பில் எல்லாம் இருக்கிறது, அந்தக் கடிதம் மட்டும் இல்லை. நாளைக்கு வங்கிக்குப் போகிறேன்.

ரவி மாமா: போ. மூலக் கடிதமே கேள், கையெழுத்துள்ளது. அதோடு ரொயோட்டாவிடம் இந்த வின் நம்பருக்கு ரீகால், அதாவது கம்பனி திருப்பி அழைத்துச் செய்யும் திருத்தம் ஒன்றும் பாக்கியில்லை என்று கடிதம் கேட்டு வாங்கு. ஆர்ஐவிக்கு அது கட்டாயம். பாக்கி இருந்தால் அங்கேயே இலவசமாகச் செய்துகொடுப்பார்கள், செய்துவிட்டுக் கடிதம் எடு.

அபி: ஆர்ஐவி என்பது?

ரவி மாமா: வெளியிலிருந்து வரும் வாகனங்களைப் பதியும் அமைப்பு, கனடாப் போக்குவரத்து அமைச்சுக்காக நடக்கிறது. அமெரிக்காவிலிருந்து வருகிற, 15 வருடத்துக்குக் குறைந்த கார்கள் அதன் வழியாகத்தான் வர வேண்டும். பாலத்தில் ஃபோம் 1 என்ற இறக்குமதிப் படிவத்தை நிரப்பி முத்திரை குத்தித் தருவார்கள். அந்தத் தாளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள். அன்றிலிருந்து 45 நாளுக்குள் கனேடியன் ரயர் கடைக்குக் காரைக் கொண்டுபோய் சோதனை முடிக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து, புதன்கிழமை

சுகந்தி சித்தி: வங்கிக் கடிதம் வந்துவிட்டது!! ரீகால் கடிதமும் கையில். காரின் பிளேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அபி வந்து நியூயோர்க் வாகனப் பதிவுக் கந்தோரான டிஎம்வியில், காரை ஓட்டிக்கொண்டு போகத் தற்காலிக அனுமதியான இன்-ட்ரான்சிட் பெர்மிட் எடுத்தால் போதும் என்றார்கள், 30 நாள் செல்லுமாம்.

ரவி மாமா: புரோக்கர் ஐடிஎன் எண் அனுப்பிவிட்டார். நேற்றுப் பின்னேரமே டைட்டில் பிரதியையும் கடிதத்தையும் பாலத்துச் சுங்கத்துக்கு அனுப்பினேன். வெள்ளி பின்னேரம் 72 மணி நேரம் முடிகிறது. ஆனால் அவசரப்படாமல் திங்கள் கடப்போம். ஏற்றுமதிக் கந்தோர் கிழமை நாட்களில்தான் என்று போனில் கேட்டுவைத்தேன். அபி, இன்சூரன்ஸுக்கு வின் நம்பரைக் கொடுத்தாயா?

அபி: கொடுத்தேன் மாமா. நேற்றே கடிதம் அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை

அபி: பாலத்துக்கு வந்துவிட்டோம். மாமா உள்ளே போயிருக்கிறார். கைகள் குளிர்ந்துபோயிருக்கின்றன.

அம்மா: முருகா. சாப்பிட்டீர்களா?

அபி: சித்தி கட்டித்தந்த புட்டு இருக்கிறது அம்மா. பிறகு சாப்பிடுவோம்.

அபி: அதிகாரி டைட்டிலைத் திருப்பி வைத்து அதே இடத்தில் விரலை வைத்தார். மாமா ஒன்றும் பேசாமல் வங்கிக் கடிதத்தை எடுத்து அதற்கு மேலே வைத்தார். அவர் வாசித்துவிட்டு வெளியே வந்து கண்ணாடியில் இருந்த நம்பரைச் சரிபார்த்தார். டைட்டிலில் முத்திரை குத்திவிட்டார்!!

சுகந்தி சித்தி: அப்பாடா. சித்தப்பா இங்கே கண்ணைத் துடைக்கிறார். எட்டு வருடம் ஓட்டிய கார்.

அபி: கனடாப் பக்கமும் முடிந்தது. 5% வரியும் அந்த நூறு டொலரும் கட்டினேன். செய்த நாடு எது என்று கேட்டார்கள், கனடா என்றேன். ஃபோம் 1 என் கைப்பைக்குள், கைப்பை என் மடியில்.

அடுத்த வாரம், சனிக்கிழமை

அபி: இன்று கனேடியன் ரயரில் பாஸ்! ஆர்ஐவி மின்னஞ்சலில் அனுப்பிய சோதனைத் தாளை அச்செடுத்துக் கொண்டுபோனேன். பகல் விளக்கு தானாக எரிகிறதா, குழந்தை இருக்கை கட்டும் கொளுக்கி இருக்கிறதா என்று பார்த்தார்கள். மைல் மீட்டருக்குள் கிலோமீட்டர் எண்கள் சின்னதாக இருக்கின்றன, அது போதும் என்றார்கள். திங்கள் சேர்விஸ் ஒன்ராறியோவில் 8% கட்டி ஓனர்ஷிப்பும் பிளேட்டும் எடுப்பேன்.

கருணா அத்தான்: கெட்டிக்காரி!

ரவி மாமா: ஃபோம் 1, சோதனைத் தாள், முத்திரை குத்திய டைட்டில், இன்சூரன்ஸ். நான்கையும் ஒரே கவரில் வை. வரிசையில் நிற்கும்போது தேடக் கூடாது.

திங்கட்கிழமை

அபி: பிளேட் போட்டாயிற்று. இரவு 7 மணிக்கு முதல் ஷிஃப்ட், இப்போது வீட்டிலிருந்து கிளம்புகிறேன்.

அம்மா: மெதுவாக ஓட்டு மகள். 401இல் பாரவண்டிக்குப் பக்கத்தில் போகாதே.

ரவி மாமா: போய்ச் சேர்ந்ததும் ஒரு சொல் எழுது. நவம்பருக்கு முன் குளிர்கால ரயர் போட்டு ரசீதை இன்சூரன்ஸுக்கு அனுப்பு, ஒன்ராறியோவில் அதற்குக் கட்டணம் குறைக்க வேண்டும். என்னுடைய கராஜில் நான்கு ரயர் இருக்கிறது, அளவு சரியா என்று ஞாயிறு பார்ப்போம்.

அபி: வந்து சேர்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியிருக்கிறேன், சித்தி. முன்சீட்டில் உங்களுடைய விபூதி டப்பா இன்னும் இருக்கிறது. எடுக்க மாட்டேன்.