மறுமொழி: வைரசுத் துண்டை டி-கலத்துக்குக் காட்டும் செயலுக்கு என்ன சொல்?

அன்பின் நண்பர்களுக்கு,

வைரசு தொற்றிய கலம் அந்த வைரசுப் புரதத்தின் துண்டைத் தன் மேற்பரப்பில் வைத்து, டி-கலம் என்ற நோயெதிர்ப்புக் கலத்துக்குக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் antigen presentation எனப்படும் இந்தச் செயலுக்கு இதுவரை மூன்று தமிழ்ச் சொற்கள் வந்திருக்கின்றன: சமர்ப்பித்தல், முன்வைத்தல், காட்டிக்கொடுத்தல். மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. நான் நாலாவதாக ஒன்றைச் சொல்கிறேன்: ஏந்திக்காட்டல். கொழும்பில் தமிழ் மொழிமூலம் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறவள் நான். ஒரு சொல்லைக் கேட்டதும் பிள்ளையின் மனதில் என்ன படம் விழுகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

சரி, கலத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். உள்ளே புகுந்த வைரசு தன் புரதங்களை அந்தக் கலத்தைக் கொண்டே செய்விக்கிறது. அவற்றில் ஒரு பங்கைப் புரோட்டியசோம் என்ற புரதம் வெட்டும் பொறி துண்டு துண்டாக வெட்டுகிறது. டாப் என்ற காவி அந்தத் துண்டுகளை கலத்தின் உள்ளே இருக்கும் சவ்வு வலையான அகமுதலுருச் சிறுவலைக்குள் கடத்துகிறது. அங்கே, துண்டைப் பிடித்துக் காட்டும் புரதமான முதலாம் வகுப்பு எம்.எச்.சி. மூலக்கூறு நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு தவாளிப்பு, அதாவது நீளப் பள்ளம், உண்டு. அதில் பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமான புரதத் துண்டு, அதாவது பெப்தைட்டு, ஒன்று பொருந்தும். பொருந்திய பிறகுதான் மூலக்கூறு உறுதிப்பட்டுக் கல மேற்பரப்புக்குக் கிளம்புகிறது. வெறுந்தவாளிப்போடு போனால் அதிக நேரம் நிலைக்காது. மேற்பரப்பிலும் அது பெப்தைட்டை விடாமல் பிடித்தபடியே நிற்கும். தொற்றிய கலங்களைக் கொல்லும் வகையான சிடி8 டி-கலம் வந்து, தன் உணர்புரதமான வாங்கியால் தொட்டுப் பார்க்கும். அன்னியம் என்று உணர்ந்தால் அந்தக் கலத்தையே கொல்லும். ஆனால் பெப்தைட்டை எடுத்துக்கொண்டு போவதில்லை.

சமர்ப்பித்தல் இங்கேதான் இடறுகிறது. சமர்ப்பித்த பொருள் மற்றவர் கைக்குப் போய்விடும். அதோடு நம் பாடநூல்களில் டி-கலத்தின் அந்த உறுப்புக்கு ‘வாங்கி’ என்று பெயர். ஒருவர் சமர்ப்பிக்க மற்றவர் வாங்குகிறார் என்றால், பெப்தைட்டு கைமாறியது என்றுதான் எந்தப் பிள்ளையும் எழுதும். அதில் பிள்ளையின் குற்றம் எதுவும் இல்லை.

யாழ்ப்பாணத்து அண்ணா முன்வைத்தலுக்காக வாதாடியிருந்தார். அண்ணா, கருத்தை முன்வைக்கிறோம், கோரிக்கையை முன்வைக்கிறோம். வைத்த பிறகு வைத்தவர் விலகிக்கொள்ளலாம். இங்கே விலக முடியாது. 1974இல் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் சிங்கர்நாகல், டோகர்ட்டி என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளில் கண்டது அதைத்தான். வைரசு தொற்றிய கலமாக இருந்தாலும், அதன் எம்.எச்.சி. வகை தன்னுடையதோடு ஒத்துப்போனால்தான் டி-கலம் அதைக் கொன்றது. துண்டு மட்டும் போதாது, அதைப் பிடித்திருப்பவரும் தெரிந்தவராக இருக்கவேண்டும். அதற்குத்தான் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. 1987இல் எச்.எல்.ஏ.-ஏ2 என்ற மனித எம்.எச்.சி. மூலக்கூற்றின் பளிங்குக் கட்டமைப்பு வெளிவந்தபோது, தவாளிப்பில் ஏற்கெனவே ஏதோ ஒரு பொருள் உட்கார்ந்திருந்தது. தூய்மையாக்கிப் பளிங்காக்கிய பிறகும் அந்த மூலக்கூறு தன் சுமையை விடவில்லை! இந்தப் பிடி சொல்லில் வரவேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு அதுதான் காரணம்.

காட்டிக்கொடுத்தல் சுவையான சொல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொற்று இல்லாத கலமும் தன் சொந்தப் புரதத் துண்டுகளை இப்படித்தான் நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே காட்டிக்கொடுக்க யாரும் இல்லை. அப்புறம், இந்த நாட்டில் அந்தச் சொல் சுமக்கும் வேதனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு வயதுப் பிள்ளையின் பாடக்கொப்பிக்குள் அது வேண்டாம்.

இனி என் சொல். ஏந்துதல் என்றால் கையேந்துதல் நினைவுக்கு வருகிறதே என்று மட்டக்களப்புத் தங்கச்சி கேட்கக்கூடும். ‘கை’ சேர்ந்தால்தான் அந்தப் பொருள் வரும், தங்கச்சி. விளக்கு ஏந்துகிறோம், பிள்ளையை ஏந்துகிறோம். கல்யாண வீட்டு வாசலில் தட்டு ஏந்தி நிற்பவர் தட்டைக் கொடுத்துவிடுவதில்லை. எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்திருக்கிறார். நமக்கு வேண்டியது அதேதான்.

பெப்தைட்டைப் பிடித்து நிற்கும் எம்.எச்.சி. புரதத்தை ‘ஏந்தி’ என்றே அழைக்கலாம். ‘காவி’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது: டெங்கு அறிவித்தல்களில் நுளம்பு நோய்க்காவி, இங்கே டாப் பெப்தைட்டுக் காவி. காவி கடத்தும், ஏந்தி பிடித்துக் காட்டும். எம்.எச்.சி. என்பதன் விரிவான, ‘இழையப் பொருத்தம்’ என்று தொடங்கும் நீண்ட பெயர் எலிகளில் இழையம் ஒட்டிப் பார்த்த காலத்திலிருந்து வந்தது. அதை மனிதரின் ஆறாம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உள்ள பரம்பரையலகுத் (மரபணு) தொகுதிக்கே விட்டுவிடலாம். இரண்டாம் வகுப்பு ஏந்திகள் வெளியிலிருந்து விழுங்கப்பட்டவற்றின் சற்று நீளமான துண்டுகளை, உதவி டி-கலம் எனப்படும் சிடி4 டி-கலத்துக்குக் காட்டுபவை. அவற்றுக்கும் இதே சொல் பொருந்தும்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். ‘எர்ப்பீசு வைரசு டாப் காவியை அடைத்துவிடுவதால் அதன் பெப்தைட்டுகள் ஏந்திக்காட்டப்படுவதில்லை.’ ‘எச்.ஐ.வி.யின் நெஃப் புரதம் ஏந்திகளை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கிறது.’ ‘ஏந்தி குறைந்த கலத்தை இயற்கைக் கொல்லிக் கலம் தாக்கும்.’ எனக்கு எதிலும் நாக்கு இடறவில்லை. தமிழ்நாட்டுச் சொற்களோடு ஒத்துப்போகுமா என்று சென்னை ஐயா கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது: நீங்கள் கலத்தைச் செல் என்றும் வாங்கியை ஏற்பி என்றும் எழுதினாலும் ‘ஏந்தி’ மாறாது.

ஒன்றுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. கிளைக்கலங்கள் (dendritic cells) என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் வெளியிலிருந்து விழுங்கிய வைரசுப் புரதத்தையும் சில வேளை முதலாம் வகுப்பு ஏந்தியில் ஏற்றிக் காட்டும். ஆங்கிலத்தில் இது cross-presentation. ‘குறுக்கு ஏந்திக்காட்டல்’ என்று எழுதிப் பார்த்தேன். குறுக்கே ஏதோ தடுப்பதுபோல் ஒலிக்கிறது. ‘வழிமாற்றி ஏந்தல்’ கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் நீளம். இதற்கு யாராவது நல்ல சொல் வைத்திருந்தால் தாருங்கள்.