டிரான்ஸ்ஃபரன்ஸ்: 'உணர்வுப் பெயர்ச்சி' எப்படி?

> "உணர்வுப் பரிமாற்றம்" என்றே வைத்துவிடலாமே? எல்லோருக்கும் எளிதில் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். பரிமாற்றம் என்றால் கொடுப்பதும் வாங்குவதும் சேர்ந்தே வரும். உளப்பகுப்பாய்வில் (சைக்கோஅனாலிசிஸ்) சொல்லும் டிரான்ஸ்ஃபரன்ஸ் அப்படி இல்லை. நோயாளிக்கு அப்பாமேல் இருந்த பயமோ ஆசையோ கோபமோ, அவருக்கே தெரியாமல் மருத்துவர்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் 'டோரா' என்று பெயரிட்டு எழுதிய பெண் 1900 டிசம்பர் கடைசியில் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனார். இந்த டிரான்ஸ்ஃபரன்ஸை உரிய நேரத்தில் கவனிக்கத் தவறிவிட்டேன் என்று 1905இல் ஃப்ராய்டே எழுதினார்.

நாம் சப்டைட்டில் போடும் 'எ டேஞ்சரஸ் மெத்தட்' (2011) படமே இதன்மேல்தான் நிற்கிறது. 1904இல், 18 வயதில், சூரிச்சின் புர்கோல்ஸ்லி மருத்துவமனைக்கு வந்த சபீனா ஸ்பீல்ரைன், அப்பா அடித்த அடிகளோடு பிணைந்த தவிப்பை எல்லாம் அங்கே தனக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் யுங்கிடம் கொண்டுவருகிறார். யுங்கும் அதில் சிக்குகிறார். மருத்துவர் பக்கத்துச் சிக்கலான 'கவுண்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ்', ஃப்ராய்ட் யுங்குக்கு 1909 ஜூனில் எழுதிய கடிதத்தில்தான் முதலில் தலைகாட்டுகிறது. 'பரிமாற்றம்' என்று வைத்துவிட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்லவே வழியில்லை. படத்தின் முடிச்சே போய்விடும்.

'இடமாற்றம்' வேண்டாம், அரசு ஊழியர்தான் நினைவுக்கு வருவார். 'உணர்வேற்றம்' அழகான சொல். ஆனால் தற்குறிப்பேற்ற அணியில் கவிஞர் தன் கருத்தைக் கோட்டைக் கொடிமேல் ஏற்றுகிறார் அல்லவா? அது, தன் மனத்தில் உள்ளதைப் பிறர்மேல் ஏற்றிப் பார்க்கும் புரொஜெக்‌ஷனுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதற்கே வைத்துக்கொள்வோம்.

என் பரிந்துரை 'உணர்வுப் பெயர்ச்சி'. குருப்பெயர்ச்சியில் கிரகம் அதேதான், வீடுதான் மாறுகிறது. இங்கேயும் உணர்வு பழசு, ஆள் புதுசு. சோதிட வாடை அடிக்கிறது என்று சிலர் சொல்லலாம். மொழிபெயர்ப்பும் புலம்பெயர்வும் இதே வேரில் வந்தவைதானே! ஃப்ராய்ட் கையாண்ட 'யூபர்டிராகுங்' என்ற ஜெர்மன் சொல்லுக்கும் மொழிபெயர்ப்பு என்ற பொருள் உண்டு. அதற்காக 'உணர்வுப் பெயர்ப்பு' என்று வைக்கக் கூடாது. பெயர்ப்பது ஒருவர் தெரிந்து செய்வது, பெயர்வது தானாக நடப்பது. நனவிலியில், அதாவது நமக்கே தெரியாத மனத்தின் அடுக்கில், நடப்பதற்குத் தன்வினைதான் பொருந்தும்.

அப்புறம், மருத்துவர் பக்கத்துக்கு 'எதிர்ப்பெயர்ச்சி'. சைக்கோஅனாலிசிஸுக்கு 'உளப்பகுப்பாய்வு' ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல், அதைத் தொட வேண்டாம். திரையில் இடம் குறைவு என்பதால் முதல் தடவை மட்டும் 'உணர்வுப் பெயர்ச்சி' என்று முழுதாகப் போட்டு, பிறகு 'பெயர்ச்சி' என்று சுருக்கிக்கொள்ளலாம்.