கண்ணுக்குள்ளே ஊசி: எங்க வீட்டு அனுபவம், உங்களோடதையும் சொல்லுங்க

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

அப்பாவுக்கு 61 வயசு. ஆயுசு பூரா வெள்ளிக் கொலுசுப் பட்டறைதான். போன வருஷம் ஆடி மாசம் ஒரு நாள் கம்பியைத் தூக்கிப் பிடிச்சு, "இது ஏன்டா நடுவுல நெளிஞ்சிருக்கு?"ன்னு கேட்டார். வாங்கிப் பார்த்தேன், கம்பி நேராத்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்ததும் தலையைச் சாய்ச்சுப் பார்த்துட்டு, "ஓரக்கண்ணுல நேரா இருக்கு, நேர்ல பார்த்தா நெளியுது"ன்னார். பன்னிரண்டு வருஷமா சர்க்கரை. கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னு நினைச்சுத்தான் கூட்டிட்டுப் போனேன்.

ஸ்கேன்ல விழித்திரையோட நடுப்பகுதி வீங்கி 480 மைக்ரான் தடிமனா இருந்தது (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). டாக்டர் படம் போட்டே காட்டினார். சர்க்கரையால விழித்திரையில இருக்கிற பொடிப்பொடி ரத்தக்குழாய் அடைபடுது. ஆக்சிஜன் கிடைக்காம தவிக்கிற செல்லுங்க, ரத்தம் வேணும்னு ஒரு புரதத்தைச் சுரக்குது. அதுதான் வி.இ.ஜி.எஃப்., ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி. அது புதுக் குழாயை முளைக்க வைக்கும், இருக்கிற குழாயையும் கசிய வைக்கும். 1983இல் டுவோராக்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு இதைக் கண்டுபிடிச்சப்போ குழாயைக் கசிய வைக்கிற பொருள்னுதான் பேர் வெச்சாங்களாம். 1989இல் ஃபெராராங்கிற இன்னொரு ஆராய்ச்சியாளரோட குழு வளர்ச்சிக் காரணியைப் பிரிச்செடுத்த பிறகுதான் ரெண்டும் ஒண்ணுன்னு தெரிஞ்சிருக்கு. அப்பா கண்ணுல நடந்தது அந்தக் கசிவுதான்.

மருந்து பேர் பெவாசிசுமாப். சித்தப்பா ஃபோன்ல தேடிப் பார்த்துட்டு, "அண்ணா, இது கேன்சர் மருந்து"ன்னு சொல்ல, அன்னைக்கு ராத்திரி வீட்டுல யாரும் சரியாச் சாப்பிடல. உண்மைதான், 2004இல் குடல் புற்றுநோய்க்காக அனுமதி வாங்கின மருந்து. கட்டியும் இதே புரதத்தை அனுப்பித்தான் ரத்தக்குழாயைத் தன் பக்கம் இழுக்குது. கண்ணுக்குள்ள போடுறது 0.05 மில்லி மட்டும். சொட்டு மருந்துல மரத்துப்போக வெச்சு, இமையை விலக்கி, ஓரமா வெள்ளை விழியில போட்டாங்க. வலியைவிட பயம்தான் பெருசு.

மூணு ஊசியில 310க்கு இறங்கிடுச்சு, அப்பா மறுபடி கொலுசுக் கண்ணியை எண்ண ஆரம்பிச்சார். தீபாவளி ஆர்டர் குவியவும், "தெரியுதே, போதும்டா"ன்னு நிறுத்திட்டார். நானும் வற்புறுத்தல. தை மாசம் போனப்போ 520. அது இன்னும் எனக்கு உறுத்துது. மருந்து அந்தப் புரதத்தைக் கொஞ்ச நாளைக்குத்தான் கட்டிப்போடும், செல்லோட பசி அப்படியேதான் இருக்கும். இதை அன்னைக்கே புரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்.

நாகலூர், ஏற்காட்டிலிருந்து:

எங்களுக்கு இது பாப்பா விஷயத்துல தெரிஞ்சது. 29 வாரத்துலயே பிறந்துட்டா. விழித்திரையில ரத்தக்குழாய் ஓரம் வரைக்கும் போய்ச் சேர்றது பத்து மாசம் நெருங்கும்போதுதானாம். சீக்கிரம் பிறக்கிற பிள்ளைக்கு அது பாதியில நின்னுடும். முதல்ல ஆக்சிஜன் கூடுதலாக் கிடைக்கிறதால இந்த வளர்ச்சிக் காரணி குறையும். விழித்திரை வளர வளர ஆக்சிஜன் பத்தாம திடீர்னு ஏறும், குழாய் கன்னாபின்னான்னு கிளம்பும். பிறந்து 30 நாளுக்குள்ள கண் பார்த்தாகணும்னு நர்ஸ் அக்கா ஒரேயடியாச் சொன்னாங்க. பாப்பாவைத் துணியில சுத்தி மடியில வெச்சுக்கிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனோம். குழாய் போகாத இடத்துல லேசர் வெச்சாங்க. ரத்தம் கேட்டுக் கத்துற செல்லையே அடக்கிடுறதுதான் அதோட வேலை. இப்போ ரெண்டரை வயசு, காப்பிச் செடியில பழம் சிவந்திருக்கிறதை முதல்ல பார்த்துச் சொல்றது அவதான்.

அம்மாபேட்டையிலிருந்து:

எங்க பெரியம்மாவுக்குக் குடல் புற்றுக்கு இதே மருந்து டிரிப்ஸ்ல ஏறுச்சு. பி.பி. கூடினதால மாத்திரை சேர்த்தாங்க. ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்னாடியே இதை நிறுத்திட்டாங்க. புண் ஆற புது ரத்தக்குழாய் வேணும், அதுக்கும் இதே காரணிதான் வேணுமாம். அதனால எந்த ஆபரேஷன்னாலும் இந்த ஊசி போடுறதை முதல்லயே சொல்லிடுங்க. செவ்வாய்ப்பேட்டை அண்ணா, வீங்குறதை வீட்டுலயே கண்டுபிடிக்க முடியுமா?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

வீட்டுல பார்க்கிறது ஸ்கேனுக்கு ஈடாகாது தங்கச்சி, தேதிக்குப் போயே ஆகணும். ஆனா அப்பா பட்டறைக் கதவுல ஒரு முழக் கம்பியை நேரா அடிச்சு வெச்சிருக்கார். தினம் காலையில உலையைப் பத்தவைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டுப் பார்ப்பார், அப்புறம் அடுத்த கண்ணு. நெளிஞ்சா அன்னைக்கே கிளம்பிடுவோம்.