1959 மோரிஸ் மைனர்: பாடியையும் சாமான்களையும் பினாங்கிலிருந்து கே.எல்.லுக்கு (கோலாலம்பூர்) கொண்டு வர வேண்டும்

செந்தூல்வாசி:

வணக்கம். நேற்று ஒரு லோரிக்காரருக்கு ஃபோன் செய்து, "என் மாமாவோட பாடி ஆயர் ஈத்தாமில இருக்கு, கே.எல்.லுக்குக் கொண்டு வரணும்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ரொம்ப மரியாதையாக, "அதுக்கு வேற வண்டிம்மா, நம்பர் தரவா?" என்றார். அதனால் இங்கே தெளிவாகவே எழுதுகிறேன். கார் பாடி.

மாமா போன வருஷம் தவறிவிட்டார். அம்மாவின் அண்ணன், பிள்ளைகள் கிடையாது. அவர் இருந்த வாடகை வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் ஒப்படைக்க வேண்டும். பின்னால் தகரக் கொட்டகையில் அவருடைய மோரிஸ் மைனர் நிற்கிறது. இரண்டு கதவு, 948 சிசி. பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்று 1996-இல் பிரித்தார். பிரித்ததோடு சரி.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருக்கின்றன. கதவு இரண்டு, பானெட், முன் மட்கார்டு இரண்டு, எல்லாம் சுவரில் சாய்த்தபடி. முன் கண்ணாடி கம்பளியில் சுற்றி அலமாரிக்குப் பின்னால். நாலு சக்கரமும் பாடியில்தான் இருக்கின்றன, மூன்றில் காற்று நிற்கிறது. முன்னால் இன்ஜின் கனம் இல்லாததால் மூக்கைத் தூக்கிக்கொண்டு, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட அத்தை மாதிரி நிற்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டை, சில் என்கிறார்களே அதை, கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது. திருகு, கீல், ஸ்பிரிங் எல்லாம் மைலோ டின்களில். எண்ணினேன், 23 டின்.

லோரி கொட்டகை வரைக்கும் வராது. சந்து முனை வரை ஒரு 70 மீட்டர் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

இரண்டு பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் 650 வெள்ளி (ரிங்கிட்): திறந்த மூன்று டன் லோரி, "இன்ஜின், கதவு எல்லாத்தையும் காருக்குள்ளயே போட்டுக் கயிறு கட்டிடலாம்." இன்னொருவர் 1,300: தட்டு சாய்ந்து இறங்கும் லோரி, வின்ச் போட்டு இழுப்பார், சாமான்களுக்கு வேன் தனி. என் வீட்டுக்காரர் 650 பக்கம். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்தவர். "தூக்குற எடம் தெரியாம எதையும் தூக்காதே" என்பார். அதைத்தான் கேட்கிறேன். எங்கே தூக்குவது, எங்கே கட்டுவது?

இரும்புக்கடை:

தங்கச்சி, 650 வெள்ளி கொடுத்துத் துருவை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வரப் போறீங்க. பினாங்கிலேயே எடைக்குப் போட்டுட்டு அந்தக் காசில் ஒரு லக்சா சாப்பிட்டுட்டு வாங்க.

செந்தூல்வாசி:

நன்றி அண்ணே. லக்சா மட்டும் சாப்பிடுகிறேன்.

ஜெலுத்தோங் கிழவன்:

650-ஐ மறந்துவிடும்மா. மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை. "காருக்குள்ளயே போட்டு" என்றாரே, அந்த ஒரு வார்த்தைக்காக. இன்ஜினை உள்ளே போட்டால் முதல் பிரேக்கில் அது சம்மட்டி.

மைனருக்கு லோரி மாதிரி அடியில் தனிச் சட்டம் கிடையாது. 1948-இல் அந்த வண்டி வந்ததிலிருந்தே அப்படித்தான், பாடிதான் எலும்பு. தரை, சில், தூண், கூரை எல்லாம் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு கதவு வண்டியில் வாசல் நீளம் வேறு. சில்லில் விரல் போகிறது என்றால், நடுவில் அதைத் தாங்குவது கூரையும் பழக்க தோஷமும்தான்.

2009-இல் ஈப்போவிலிருந்து ஒரு பாடி கொண்டு வந்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர். லோரிக்காரன் ஒரு பெல்ட்டை இந்த வாசல் வழியாக விட்டு அந்த வாசல் வழியாக எடுத்து, கூரையோடு சேர்த்து இறுக்கினான். நானும் பக்கத்தில் நின்று டீ குடித்தபடி "இன்னும் கொஞ்சம்" என்றேன். பினாங்கு வந்து கதவை மாட்டிப் பார்த்தால், மேலே தகடும் தகடும் உரசிப் பெயின்ட் உதிர்கிறது, கீழே சுண்டு விரல் நுழையும் சந்து. நடுவில் தொய்ந்துவிட்டது. அதை நிமிர்த்த ஏழு மாதம் ஆனது.

ஆகவே நகர்த்துவதற்கு முன்னாலேயே வாசலுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு அங்குலச் சதுரக் குழாய் போதும். முன் தூணில் கதவுக் கீல் மாட்டும் ஓட்டைகள் இருக்கும், அதிலேயே போல்ட் போடலாம். அந்தப் பக்கம் பின் தூணில் பூட்டு மாட்டும் இடம். நேராக ஒன்று, மூலைக்கு மூலை ஒன்று. அப்புறம் இடது பின் தூணிலிருந்து வலது பின் தூணுக்குக் குறுக்கே ஒன்று. வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால், முதலில் டிக்கியின் தரைக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேங்கைக் கழற்றச் சொல். காலி டேங்க்தானே என்பான். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கிற்குத்தான் நான் பயப்படுவேன், உள்ளே இருப்பது ஆவி. என்னைக் கேட்டால் போல்ட்டே நல்லது.

குழாய் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வாசலையும் மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்து, தூணில் பேப்பர் டேப் ஒட்டி அதில் எழுதி வை. வந்து சேர்ந்ததும் அதே இடத்தில் அள. யார் பேச்சையும் நம்ப வேண்டியதில்லை.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அந்த 70 மீட்டர். மைனரின் முன் சக்கரத்தைக் கீழே தாங்குவது ட்ரன்னியன் என்ற ஒரு திருகு மூட்டு. கிரீஸ் காணாமல் கிடந்தால் மரை தேய்ந்து, ஒரு நாள் சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள் படுத்துக்கொள்ளும். ஓடும் வண்டிக்கே அது நடக்கும். நீ 1996-இலிருந்து நிற்கும் வண்டியைத் தள்ளப் போகிறாய். இரண்டு நாளைக்கு முன்பே கிரீஸ் கன் வைத்து, பழைய கறுப்பு கிரீஸ் வெளியே வந்து புதுசு தெரியும் வரை அடி. தள்ளும்போது ஸ்டியரிங்கை மெதுவாக, கொஞ்சமாகத் திருப்பு. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு முறுக்காதே. ஒரு டிராலி ஜேக்கியும் தடிப் பலகையும் கூடவே வரட்டும். ஜேக்கியைச் சில்லில் வைக்காதே, ஸ்பிரிங்கும் ஆக்ஸிலும் இருக்கும் இடத்தில் வை.

வடக்கு தெற்கு:

அக்கா, நான் கேபோங்கில் இருக்கிறேன், இந்த ரோட்டில்தான் லோரி ஓட்டுகிறேன். கிழவர் பாடியைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் ரோட்டைச் சொல்கிறேன்.

பெல்ட் பாடியைத் தொடக் கூடாது. நாலு சக்கரத்தையும் தட்டோடு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். வண்டி தன் ஸ்பிரிங் மேலேயே ஆடட்டும், தப்பில்லை. காற்று நிற்காத டயருக்கு எங்காவது ஒரு இரவல் சக்கரம் பாருங்கள். தட்டையான டயரில் கட்டினால் போகப் போக பெல்ட் தளரும்.

இன்ஜினை அந்த டயரோடேயே, நிமிர்ந்தபடி, வேனின் முன் சுவரை ஒட்டி வையுங்கள். எண்ணெயை வடித்துவிடுங்கள். பிளக்கைக் கழற்ற வேண்டாம், கார்பரேட்டர் வாயில் மட்டும் துணி அடையுங்கள். கண்ணாடியைப் படுக்கப் போடாதீர்கள். இரண்டு மெத்தைக்கு நடுவில் நிறுத்தி வையுங்கள், அடியில் கார்ப்பெட். கண்ணாடி முகத்தில் அடி வாங்கினால்கூடத் தாங்கும், ஓரத்தில் ஒரு சின்னக் கல் பட்டால் போச்சு. மைலோ டின்களை லோரிக்காரரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உங்கள் காரில், உங்கள் காலடியில் வரட்டும்.

வழி சுமார் 350 கிலோமீட்டர். ஃபெரியை நினைக்க வேண்டாம், 2021-லிருந்து அதில் கார் ஏற்றுவதில்லை. பாலத்துக் கட்டணம் தீவுக்குள் போகும்போது மட்டும்தான், வெளியே வரும்போது கிடையாது. பில்லில் இரண்டு தடவை இருந்தால் கேளுங்கள். குனோங் செமாங்கோல் ஓய்விடத்தில் ஒரு முறை நிறுத்தி பெல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், முதல் ஒரு மணி நேரத்தில்தான் எல்லாம் தளரும். அடுத்தது சுங்கை பேராக். அங்கே கட்டாயம். அதைத் தாண்டினால் மெனோரா சுரங்கம், அப்புறம் ஈப்போ வரை இறக்கம். அந்த இறக்கத்தில் நடந்ததையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். ஹரிராயா, சீனப் புத்தாண்டு பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், பெரிய லோரிகளுக்குத் தடை வரும்.

கெரான் (வண்டி உரிமைப் பத்திரம்) நகல் லோரியில் ஒன்று, உங்களிடம் ஒன்று. சேஸிஸ் நம்பர் தகட்டைக் கிளம்பும் முன் படம் எடுங்கள். இன்ஜின் அறையின் பின்சுவரில் இருக்கும். துருவைத் தேய்க்கிறேன் என்று அதைக் கழற்றிவிடாதீர்கள், அப்புறம் ஜே.பி.ஜே.யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) நிற்க வேண்டியது நீங்கள்தான். மாமா பெயரில் இருக்கும் வண்டி என்றால் வாரிசுப் பத்திர வேலையையும் இப்போதே ஆரம்பியுங்கள். வண்டி வந்துவிடும், காகிதம் வராது.

வழியில் அடிபட்டால் யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். "நம்மதானே அக்கா, பார்த்துக்கலாம்" என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். நானும் அப்படிச் சொல்கிறவன்தான், அதனால் சொல்கிறேன்.

கூச்சிங் மருமகன்:

நீங்கள் கொடுத்து வைத்தவர், இடையில் கடல் இல்லை. மாமனார் வண்டியைக் கிள்ளானிலிருந்து கூச்சிங்குக்கு 20 அடி கன்டெய்னரில் கொண்டு வந்தேன். உள்ளே நீளம் 5.9 மீட்டர், மைனருக்கு 3.76 போதும். மிச்ச இடத்தில் சாமான் வைக்கலாம் என்று பார்த்தால், வாசல் அகலம் 2.34 மீட்டர், வண்டியைத் தள்ளி நிறுத்திய பிறகு பக்கவாட்டில் ஆள் நுழைவதே பாடு. கடைசியில் ஒல்லியாக இருக்கிறேன் என்று என்னைத்தான் உள்ளே அனுப்பினார்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துத் தரையில் ஆணி அடித்தோம், கன்டெய்னர் தரை பலகைதான். மழை நாளில் ஏற்றியதால் உள்ளே ஈரம் அடைந்து, பளபளவென்று இருந்த பிரேக் டிரம் ஆரஞ்சு கலரில் வந்து சேர்ந்தது. கே.எல். வரைக்கும் என்றாலும் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். கென்வாஸ் போட்டால் இறுகக் கட்டுங்கள். தளர்வாகக் காற்றில் அடிக்கும் கென்வாஸ், உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

செந்தூல்வாசி:

எல்லோருக்கும் நன்றி. வந்துவிட்டது.

1,300-க்கே சொன்னேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் கிரீஸ் கன் வாங்கிக்கொண்டு வந்தார். வலது பக்கம் பத்து நிமிஷத்தில் புது கிரீஸ் தெரிந்தது. இடது பக்கம் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் அடைத்துக்கொண்டு ஒன்றுமே போகவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு விட்டு, காலையில் ஊசியால் குத்தி எடுத்தோம். முதலில் வந்தது கிரீஸ் இல்லை, காய்ந்த மண். குளவிக் கூடு என்று நினைக்கிறேன். அப்புறம் தார் மாதிரி ஒன்று, அப்புறம்தான் மஞ்சள்.

முட்டுக் குழாயைப் பக்கத்துக் குடியிருப்பில் கேட் செய்யும் ஒரு சீனப் பெரியவர் போல்ட்டிலேயே மாட்டிக் கொடுத்தார். குறுக்குக் குழாயை இறுக்கும்போது பாடியிலிருந்து டக்கென்று ஒரு சத்தம். எனக்கு உயிர் போய்விட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

70 மீட்டருக்கு 40 நிமிஷம். ஆறு பேர் தள்ளினார்கள், எட்டுப் பேர் யோசனை சொன்னார்கள். ஒரு சாக்கடை மூடியைத் தாண்டும்போது இடது முன்சக்கரம் லேசாக உள்ளே சாய்ந்த மாதிரி இருந்தது, உடனே ஜேக்கி போட்டுப் பலகை வைத்துத் தாண்டினோம். கிழவரே, அந்தப் பலகைக்குத் தனியாக ஒரு நன்றி.

சுங்கை பேராக்கில் டிரைவர் நிறுத்த மறந்து போகப் பார்த்தார். பின்னாலேயே வந்த நாங்கள் ஹார்ன் அடித்து நிறுத்தினோம். பின் இடது பெல்ட் கையால் அசைக்கும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் நாலு இழுப்பு இழுத்தார்.

செந்தூல் வந்ததும் முதலில் டேப்பை எடுத்தேன். வலது வாசல் அப்படியே. இடது வாசலில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம். டேப்பின் அந்த முனையைப் பிடித்தது என் வீட்டுக்காரர், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது மைலோ டின்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். 17-ஆவது டின்னில் வட்டமாகத் தக்கை ஒட்டிய சின்னத் தகடுகள் நாலு, குட்டி ஸ்பிரிங் ஆறு. வண்டியில் எந்த இடம் என்று தெரியவில்லை. படம் போட்டிருக்கிறேன்.

ஜெலுத்தோங் கிழவன்:

அது மோரிஸ் சாமானே இல்லையம்மா. வெஸ்பா கிளட்ச். மாமாவிடம் ஸ்கூட்டர் இருந்ததா?

செந்தூல்வாசி:

இல்லையே என்று எழுத வந்தேன். எதற்கும் அம்மாவிடம் கேட்டேன். "கேள்விப்பட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.